நீங்கள் பேசிய நாலு நிமிடம்

அக்கா,

நனைந்த ரப்பர் பாயின் மணம் இன்னும் மாறவில்லை. நேற்று ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், யூனியன்வில்லில், ஐஸ் ஹொக்கி ஆடும் ஒரு ரிங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். குளிர் முகத்தில் அடிப்பதற்கு முன்பே அந்த மணம் வந்துவிட்டது. ஈர ரப்பர், வியர்வை ஊறிய கையுறை, ஆறிப்போன கோப்பி. கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் மூன்று தரம் 'எக்ஸ்கியூஸ் மீ' சொன்ன பிறகுதான் விலகி வழிவிட்டேன்.

என் தங்கையின் மகள் அங்கே பெண்களின் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கிறாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை, கையில் விசில். "பெரியம்மா, யூ கேம்!" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கத்தினாள். சுவரில் அன்றைய ஆட்டங்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. பெண்கள் ஹொக்கி என்று அதில் எங்கும் இல்லை. ஹொக்கி, இத்தனை மணி, இந்த அணியும் அந்த அணியும், அவ்வளவுதான். இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று உடனே நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் போய் எட்டு மாதம். நீங்கள் இருந்த காலத்திலும் நான் எதையும் காட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை.

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் நேரம் இருந்தது. ஸ்காபரோவில் இருந்து மிசிசாகாவுக்கு ஒரு மணித்தியால ஓட்டம்தான். வந்திருக்கலாம். போனிலாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்பது உறுதியான பிறகு பேனையை எடுத்திருக்கிறேனே, இதிலேயே என் லட்சணம் தெரியும்.

நாங்கள் முதலில் சந்தித்தது லிஃப்ட்டுக்குள். எண்பத்து நாலாம் ஆண்டு கார்த்திகை. அந்த உயரமான கட்டடத்துக்கு நான் குடிவந்து இரண்டு கிழமை இருக்கும். ஆண்களின் குளிர் கோட்டுக்குள் சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு நீங்கள் ஏறினீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"தமிழ்ப் புள்ளதானேகா? தலையில நல்லெண்ணெய் மணக்குது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கொன்வென்ற்றில் படித்தவள் என்ற மிதப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் நஞ்சமல்ல. 'பிள்ளை'யைப் 'புள்ள' என்கிறாவே, வாக்கியத்துக்கு வாக்கியம் 'கா' போடுகிறாவே, மட்டக்களப்பு ஆளாக்கும் என்று மனதுக்குள் நக்கலடித்தேன். நீங்களோ ஏழாம் மாடி வருவதற்குள் எனக்கு ஒரு வேலை தேடிக் கொடுத்துவிட்டீர்கள்.

"நான் கூட்டுற ரிங்கில ரிக்கற் குடுக்க ஆள் தேடுறாங்க. கதவில நோட்டீஸ் ஒட்டியிருக்கு. உனக்கு இங்கிலீஷ் வருமெண்டா நாளைக்கே போய்க் கேள்."

போனேன். கிடைத்தது. அந்த ரிங்கின் பொறுப்பாளர் றொன் என்ற அமைதியான மனிதர். நீங்கள் துப்புரவுக் கொந்தராத்துக்காரரின் ஆள், நான் ரிங்கின் ஆள். சம்பளம் தருபவர்கள் வேறு வேறு. அந்த வித்தியாசம் எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பைத்தியம். கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் பெண்களின் ஹொக்கி ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர் நீங்கள். புல்லில் ஆடும் ஹொக்கி. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை அறை எரிந்தபோது நடுவர் சான்றிதழும் விசிலும் அதோடு போயின. நகை போனதைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. விசில் போனதைப் பற்றி மாதத்துக்கு ஒரு தரமாவது சொல்வீர்கள்.

முதல் கிழமையே மாப்பை ஊன்றிக்கொண்டு கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

"இதையாகா இவங்க ஹொக்கி எண்டு சொல்லுற? பந்து எங்க? தகரப் பேணி மூடியை அடிச்சிட்டுத் திரியுறாங்க."

நீங்கள் ஹொக்கி நடுவராக இருந்தவர் என்று நான் றொன்னிடம் சொன்னேன். அவர் உங்களைப் பார்த்த பார்வையில் ஒரு நிமிடம் பெரிய மரியாதை. பிறகு விளங்கிக்கொண்டு, "ஓ, ஃபீல்ட் ஹொக்கி" என்று நல்ல விதமாகவே சிரித்துவிட்டுப் போனார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். சொன்னேன். உங்களுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"அது ஹொக்கி. வெறும் ஹொக்கி. இதுக்குத்தான் முன்னால ஐஸ் எண்டு போடணும். வந்தவங்க நாங்களெண்டு எங்கட ஆட்டத்துக்கு வால் வைக்கிறாங்களா?"

ஆனால் உங்களுக்குச் சட்டம் என்றால் விடமுடியாது. தொலைந்த பொருட்கள் போடும் பெட்டியில் ஒரு பழைய புத்தகம் கிடந்தது. ஐஸ் ஹொக்கியை உலகளவில் நடத்தும் சம்மேளனத்தின் சட்டப் புத்தகம். முன்பக்கங்களில் சுருக்கமாக அதன் வரலாறு. மூன்று மாதம் யாரும் தேடி வராததால் அது உங்களுடையதாயிற்று. மத்தியான இடைவேளையில் மேல் வாங்கில் உட்கார்ந்து நீங்கள் புட்டுப் பெட்டியைத் திறப்பீர்கள். நான் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். நான் ஒரு பத்தியைச் சுருக்கினால் உடனே பிடித்துவிடுவீர்கள்.

"அவ்வளவு நீளமா இரிக்கு, நீ சொன்னது இவ்வளவு. மிச்சம் எங்ககா? சொன்னதைச் சொல்லு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

உங்களால்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் சரித்திரம் தெரியும். சம்மேளனம் பாரிஸில் பிறந்தது, தொடங்கியவர்கள் எல்லோரும் ஐரோப்பியர், கனடா அந்த மேசையில் இல்லவே இல்லை என்று வாசித்த அன்று நீங்கள் புட்டை வாயில் வைக்க மறந்துவிட்டீர்கள். "ஆட்டம் இவங்கட, பத்திரம் அவங்கட கையிலயா?" என்று கேட்டீர்கள். காசு வாங்கும் ஆட்டக்காரரை உலகப் போட்டிக்கு விடமாட்டோம் என்று சம்மேளனம் பிடிவாதமாக நிற்க, கனடா கோபித்துக்கொண்டு எழுபதுகளில் பல வருடம் போகாமலே இருந்தது. அதே நேரத்தில் ரஷ்ய ஆட்டக்காரர்கள் பட்டாளத்து ஆட்கள், காசுக்கு ஆடுவதில்லை என்று எழுத்தில் இருந்தது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எவ்வளவு கோவம் வந்தாலும் கதிரையை விட்டிட்டு எழும்பிப் போகக்கூடாதுகா. போனா இல்லாத ஆளைப் பத்தித்தான் சட்டம் எழுதுவாங்க" என்றீர்கள்.

இந்த ஆட்டத்தில் உங்களுக்கு முழுமனதாகப் பிடித்த சட்டம் ஒன்றே ஒன்று. பிழை செய்தவனைக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருத்தி வைக்கும் சட்டம். "எல்லாரும் பார்க்க ரெண்டு நிமிசம் இருந்திட்டு வா, அதோட முடிஞ்சுது எண்டு சொல்லுறாங்க பார். எழுதினவன் நல்ல மனிசன்" என்பீர்கள். 

டொக்டரிடம், பாங்கில், இமிகிரேஷன் கந்தோரில் என்று உங்களுக்காக நான்தான் பேசினேன். இரண்டு வருடம் ஒரு சொல்லும் விடாமல்தான் பேசினேன். அதைச் சொல்லிக்கொள்ளவாவது எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எண்பத்தாறு ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் லைஃப் போட்டுகளில் எங்கள் சனம் மிதந்து வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் ரொறன்ரோ முழுக்க இரக்கம். பிறகு, அவர்கள் இந்தியாவில் இருந்து வரவில்லை, ஜெர்மனியில் இருந்து ஏறிவந்துவிட்டுப் பொய் சொன்னார்கள் என்று செய்தி வந்ததும் காற்று மாறியது. பஸ்ஸில் ஆட்கள் எங்களைப் பார்க்கும் விதம் மாறியது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "உயிருக்குப் பயந்து ஓடுறவன் ஏறின துறைமுகத்தைச் சொல்லாட்டி என்ன" என்றீர்கள்.

அந்தக் கிழமைதான் றொன் பேப்பரை மடித்துக்கொண்டு, கோப்பியைக் குடித்தபடி, என்னிடம் சும்மா கேட்டார். "நீயும் இவர்களின் நாடா?"

அவருடைய குரலில் ஒரு பொல்லாப்பும் இல்லை, அக்கா. ஆம் என்று சொல்லியிருந்தால் 'பாவம்' என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார். நான், "இல்லை, நான் இந்தியா. மெட்ராஸ்" என்றேன். மெட்ராஸில் நான் நின்றது மொத்தமாகப் பதினேழு நாள், அதுவும் விசாவுக்காக. பொய் சொல்லும்போது நாக்கு தடுமாறும் என்பார்கள். எனக்கு ஒன்றும் தடுமாறவில்லை.

அதற்குப் பிறகு கவுண்டரில் நீங்கள் தமிழில் ஏதும் கேட்டால் நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினேன். றொன் பக்கத்தில் நின்றால் இன்னும் சுருக்கமாக. நீங்கள் அதை வேலை மும்முரம் என்று எடுத்துக்கொண்டீர்கள். "புள்ளைக்கு இண்டைக்குத் தலையிடி போல" என்று ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தீர்கள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவள்தான் இதை எழுதுகிறாள்.

எண்பத்தேழு இளவேனிலில் பெண்களின் உலகப் போட்டி நகரத்துக்கு வந்தது. உலகப் போட்டி என்று பெயர் வைத்தது அந்தப் பெண்களேதான். சம்மேளனத்தின் முத்திரை அதற்கு இல்லை. நோர்த் யோர்க்கில் பெரிய ஆட்டங்கள் நடந்தன. எங்கள் ரிங் பயிற்சிக்கு மட்டும். ஜப்பான், சுவீடன், ஹொலண்ட் என்று தோளில் பையும் கையில் தடியுமாக ஒவ்வொரு அணியாக வந்திறங்கியபோது நீங்கள் மாப்பைக் கீழே போட்டுவிட்டு வாசலில் நின்று கை தட்டினீர்கள்.

அன்று பின்னேரம் உடைமாற்றும் அறைப் பக்கம் ஒரே சிரிப்புச் சத்தம். இறங்கிப் பார்த்தேன். ஈரப் பாயின் நடுவில் நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரவல் தடியோடு குனிந்து நிற்கிறீர்கள். எதிரே ஹொலண்ட் அணியோடு வந்த மாறிக்கே என்ற உயரமான பெண். இரண்டு பேரும் தடியை நிலத்தில் ஒரு தட்டு, எதிராளியின் தடியில் ஒரு தட்டு என்று மூன்று முறை தட்டிவிட்டுப் பந்துக்குப் பாய்கிறீர்கள். புல் ஹொக்கியில் ஆட்டம் தொடங்கும் பழைய முறை. பந்துக்குப் பதிலாகச் சுருட்டிய காலுறை.

"இங்க வாகா!" என்று என்னைக் கண்டதும் கத்தினீர்கள். "இவங்கட ஊரிலயும் ஹொக்கி எண்டா புல்தானாம்! இதுக்கு அவங்களும் முன்னால ஐஸ் போட்டுத்தான் சொல்லுற! கேளு, கேளு!"

மாறிக்கேயும் அதையேதான் சொன்னாள். தங்கள் பாஷையில் வெறும் ஹொக்கி என்றால் புல், பனிக்கு மட்டும்தான் அடைமொழி என்று. மூன்று வருடமாக நீங்கள் தனியாக வாதாடிய வழக்கில் முதல் சாட்சி கிடைத்த மாதிரி உங்கள் முகம் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் உங்களைப் பிறகு பார்த்ததில்லை.

மாறிக்கே என்னிடம் கேட்டாள். மறுநாள் காலை மேல்மாடி மண்டபத்தில் சில நாட்டுப் பெண்கள் கூடிப் பேசப் போகிறார்கள். முறையான கூட்டம் இல்லை. உலகச் சம்மேளனத்திடம் எப்படிக் கேட்பது, என்ன கேட்பது என்பதுதான் பேச்சு. புல் ஹொக்கியில் பெண்களுக்குத் தனியாக ஒரு உலகச் சங்கம் பல காலம் இருந்து, சில வருடத்துக்கு முன்தான் ஆண்களின் சங்கத்தோடு சேர்ந்தது. அதை நடுவராக நின்று பார்த்த ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் நல்லது. உன் தோழி வருவாவா? நீ மொழிபெயர்ப்பாயா? என்றாள்.

நான் அதைத் தமிழில் சொன்னபோது நீங்கள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டீர்கள். "எண்ட கதையைக் கேட்கவாகா?" என்றீர்கள்.

அடுத்த நாள் நீலச் சேலை கட்டி, கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பி வந்தீர்கள். நடுவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள் என்று பெருமையாகக் காட்டினீர்கள். இருபது இருபத்தைந்து பெண்கள். றொன் கோப்பிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல், கதவோரம் சாய்ந்து நின்றார். நானும் நீங்களும் முன்னால். இடையில் நிறுத்தாமல் பேசுங்கள், நான் கடைசியில் மொத்தமாகச் சொல்கிறேன் என்று நான்தான் சொன்னேன். உங்கள் பேச்சு அறாமல் வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அந்த நேரம் வரைக்கும் என் எண்ணம் நல்லதாகத்தான் இருந்தது.

நீங்கள் முதலில் என்னைக் காட்டி நாலைந்து வரி சொன்னீர்கள். அந்த வரிகளை இப்போது எழுத எனக்குத் துணிவு வரவில்லை. கடிதம் முடிவதற்குள் எழுதிவிடுகிறேன். அதில் நான் எந்த ஊர் என்பது இருந்தது. கதவோரம் றொன் நின்றார். என் கண் அவரிடம்தான் இருந்தது. ஆனால் மிச்சமெல்லாம் எனக்குக் கேட்டது, அக்கா, ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நான் புல்லில விளையாடுற ஹொக்கிக்கு ஊதின ஆள். அங்க பொம்பிளைகளுக்கெண்டு தனிச் சங்கம் இருந்த. நாங்களே சட்டம் பேசின, நாங்களே நடுவரைத் தேர்ந்த. பிறகு ஆம்பிளைகளிட சங்கத்தோட சேர்ந்த. சேர்ந்தது பிழையெண்டு நான் சொல்லல்ல. சேரக்குள்ள ஆரு எந்தக் கதிரையில இரிக்கிற எண்டு எங்களப்போல சின்ன நாட்டு ஆக்கள் கேட்கல்ல. சேர்ந்தாப் பிறகு கேட்டா ஆருக்குக் கேட்கும்? நீங்க கடிதம் எழுதப்போறீங்க. எழுதுங்க. ஆனா கப் மட்டும் கேட்காதீங்க. கதிரையும் கேளுங்க. சட்டம் எழுதுற மேசையில ஒண்டு, நடுவரைத் தேர்ற இடத்தில ஒண்டு. கப் குடுத்தா ஒரு நாள் தூக்கிப் பிடிக்கலாம். சட்டம் ஒவ்வொரு ஆட்டத்திலயும் வரும். இந்த நாட்டுக்காரர்ட ஆட்டம் இது, ஆனா சங்கம் தொடங்கக்குள்ள மேசையில இவங்க இல்ல. பிறகு எத்தனை வருசம் சண்டை பிடிச்சாங்க? நானும் சட்டப் புத்தகத்தை வாசிக்கக் கேட்ட. அதான் சொல்லுறன், முதல்ல கதிரை."

நாலு நிமிடம். நீங்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நேரத்துக்கு முடித்துவிட்ட திருப்தியோடு என்னைப் பார்த்தீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த முதல் வரிகளைச் சொல்லாமல் மற்றதை எங்கே தொடங்குவது என்று நான் தேடினேன். அந்த வரிகளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே சொல்லியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் எடுத்தது. அந்த நேரத்தில் மூளையில் ஒன்றும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"இங்கே வந்ததில் மிகவும் சந்தோஷம் என்கிறா. கனடாவுக்கு நன்றி சொல்கிறா."

கை தட்டினார்கள். நல்ல மனதோடு, உருக்கமாகத் தட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நீங்கள் தட்டவில்லை. நாலு நிமிடம் ஐந்து விநாடியாகச் சுருங்கியதைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தேவையில்லையே. நீங்கள் கையை உயர்த்தி, "நோ. ஐ ரோக் மோர்" என்றீர்கள், நான் இன்னும் பேசினேன் என்று உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

தலைமை தாங்கிய பெண் என்னிடம் திரும்பினாள். "வேறு ஏதும் சொன்னாவா?"

இரண்டாவது வாய்ப்பு. இப்படி ஒன்று ஆருக்குக் கிடைக்கும்?

"நோ," என்றேன். "தட்ஸ் ஓல்."

மாறிக்கே என்னை வெகுநேரம் பார்த்தாள். நீங்கள் மெதுவாக உட்கார்ந்தீர்கள். பிறகு அவர்கள் போட்டியைப் பற்றி, பரிசைப் பற்றி, எந்த நாடுகளைச் சேர்ப்பது என்பதைப் பற்றிப் பேசினார்கள். கதிரையைப் பற்றி எவரும் பேசியது என் காதில் விழவில்லை.

கூட்டம் முடிந்து நீங்கள் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். அது உங்கள் வேலை நேரம். றொன் உங்களிடம் வந்து, அந்த இந்தியப் பெண் உங்களுக்கு உதவியது நல்ல காரியம் என்று ஆறுதலாகச் சொன்னார். 'இந்தியன்' என்ற சொல் உங்களுக்கு விளங்கியது. கோப்பையோடு அப்படியே நின்றீர்கள்.

"ஆருகா இந்தியன்?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"அது வந்து அக்கா... பிறகு சொல்லுறன்."

பிறகு சொல்லவில்லை. இதுதான் அந்தப் பிறகு.

நீங்கள் ஏசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் அழுது காலில் விழுந்திருப்பேன். அடுத்த நாள் காலை கவுண்டருக்கு வந்து, கண்ணைப் பார்த்தே கேட்டீர்கள்.

"நீங்க இண்டைக்கு எத்தனை மணிக்கு முடிக்கிறீங்க?"

நீங்க. முடிக்கிறீங்க. எனக்கு இருபத்தாறு வயது, உங்களுக்கு நாற்பது தாண்டியிருந்தது. மூன்று வருடம் 'நீ', 'வாகா', 'போகா', 'புள்ள' என்று கூப்பிட்ட வாய். ஆங்கிலத்தில் இதற்கு ஈடு கிடையாது. பாஷை தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால், இந்த அம்மா எவ்வளவு பண்பாகப் பேசுகிறா என்றுதான் நினைத்திருப்பார். எனக்கு அந்த 'நீங்க' கன்னத்தில் விழுந்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு வரலாம் என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை.

அந்த மாதமே நீங்கள் ஆங்கில வகுப்பில் சேர்ந்தீர்கள். அதற்குப் பிறகு டொக்டரிடம் போக என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் எயார்போர்ட்டில் வேலை கிடைத்து மிசிசாகாவுக்குப் போய்விட்டீர்கள். கல்யாண வீடுகளில் கண்டால், "சுகமா இரிக்கிறீங்களா? வீட்டில எல்லாரும் சுகமா?" அவ்வளவுதான்.

அந்தக் கூட்டம் நடந்து மூன்று வருடத்துக்குப் பிறகு சம்மேளனம் முத்திரை குத்தியது. ஒட்டாவாவில் பெண்களின் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி. டீவியில் பார்த்தேன். கனடாப் பெண்கள் இளஞ்சிவப்புச் சட்டையோடு பனியில் இறங்கினார்கள். "சட்டை நிறத்தை முடிவு செய்யிற மேசையில ஆருகா இருந்த?" என்று நீங்கள் கேட்டது என் காதுக்குள்ளேயே கேட்டது. உங்கள் பேச்சை நான் முழுதாகச் சொல்லியிருந்தால் உலகம் வேறு மாதிரிப் போயிருக்கும் என்று நான் நடிக்கப் போவதில்லை. இருபத்தைந்து பேர் கேட்டிருப்பார்கள், பாதிப் பேர் மறந்திருப்பார்கள். ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நட்டம் உங்களுக்கு மட்டும்தான். உங்களை ஒரு நடுவராக இந்த நாடு பார்த்திருக்கக்கூடிய நாலு நிமிடம் அது. நான் உங்களை நன்றி சொல்ல வந்த அகதியாக்கி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு என் பிழைப்பு என்ன தெரியுமா? மொழிபெயர்ப்பு. இமிகிரேஷன் விசாரணைகளில் முப்பது வருடம். ஆட்கள் விம்மினாலும், உளறினாலும், பச்சைப் பொய் சொன்னாலும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஒரு லோயர், இவ ஒரு சொல்லும் விடமாட்டா என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அந்த வேலைக்கு வந்ததைப் பரிகாரம் என்று ஆரும் சொன்னால் நம்பாதீர்கள், அக்கா. நல்ல வேலை, அதனால் வந்தேன்.

உங்கள் செத்தவீட்டுக்கு வந்தேன். கடைசி வரிசையில் இருந்தேன். உங்கள் தங்கச்சி என் கையைப் பிடித்து, "அக்கா உங்களைப் பத்தி எப்பவும் மரியாதையாத்தான் கதைப்பா" என்றா. அவவுக்கு ஒன்றும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன்.

நேற்று ஆட்டம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் நான் வாங்கில் இருந்தேன். உங்கள் பேச்சை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கப் வந்தது, கதிரை வந்தது, மேசை வந்தது. ஒன்றும் மறக்கவில்லை. தங்கையின் மகள் ஸ்கேற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "பெரியம்மா, ஆரோட கதைக்கிறீங்க?" என்றாள்.

"ஒரு அம்பயரோடை."

"ஹொக்கி அம்பயரா?"

"ஓம்," என்றேன். "எங்கடை நாட்டு ஆள்."

அவள் தலையை ஆட்டிவிட்டு உடை மாற்றப் போய்விட்டாள். அவளுக்கு அது சாதாரண வசனம். எனக்கு அதைச் சொல்ல முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

முதல் வரிகளை எழுதுவதாகச் சொன்னேன். இதுதான் நீங்கள் சொன்னது:

"எல்லாருக்கும் வணக்கம். முதல்ல இந்தப் புள்ளயைப் பத்திச் சொல்லணும். இவ யாழ்ப்பாணம், நான் மட்டக்களப்பு. ரெண்டு பேரும் ஒரே நாடு, ஒரே நெருப்புக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா இவ பக்கத்தில நிக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல. நான் சொல்லுற ஒரு சொல்லையும் இந்தப் புள்ள விடமாட்டா."

அதற்குப் பிறகு நீங்கள் என்னைப் புள்ள என்று சொன்னதில்லை.

இந்த முறை ஒன்றும் விடவில்லை, அக்கா.